அம்மாயியின் குதிகாலும் கொதிக்காத தண்ணீரும்

தை பிறந்தால் கோபிசெட்டிபாளையம் பக்கம் மஞ்சள் வெட்டு தொடங்கிவிடும். 72 வயதிலும் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்றவர், தோட்டத்துக்குப் போகாமல் இருக்கமாட்டார். வெட்டு முடிவதற்குள் அவருடைய குதிகால் கோடைக் குளம்போல் பாளம் பாளமாக வெடித்திருக்கும். அவருக்காகத்தான் தேன்மெழுகில் களிம்பு செய்யக் கற்றுக்கொண்டேன்.

முதல் முறை மெழுகை வாணலியில் போட்டு நேராக அடுப்பில் ஏற்றினேன். மேலே கட்டி அப்படியே இருக்க, அடியில் புகை கிளம்பிவிட்டது. தேன் வாசனை போய்த் தீய்ந்த நெடிதான் மிஞ்சியது. தேன்மெழுகு உருக 62 முதல் 65 டிகிரி செல்சியஸ் போதும். காய்ந்த வாணலியோ எளிதாக 200 டிகிரியைத் தாண்டிவிடும்.

இப்போது அகலமான போசியில் தண்ணீர், அடியில் நாலாக மடித்த பருத்தித் துணி, அதன்மேல் சிறிய எவர்சில்வர் பாத்திரம். துணி இல்லாவிட்டால் பாத்திரம் அடியில் மோதி டக்டக்கென்று ஆடும். திறந்த போசியில் தண்ணீர் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. மேற்கொண்டு எரிகிற தீயெல்லாம் அதை ஆவியாக்கவே செலவாகும். எனக்கு அந்த 100கூட வேண்டாம். அடியில் பொடிக் குமிழிகள் ஒட்டி நிற்கும்போதே தீயைத் தணித்துவிடுவேன். கொதித்தால் தெறிக்கும், களிம்பில் தண்ணீர் கலந்தால் நாளடைவில் பூசணம் பிடிக்கும்.

100 கிராம் தேங்காய் எண்ணெயில் ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள், முக்கால் மணி நேரம். மஞ்சளின் நிறம் எண்ணெயில்தான் நன்றாக இறங்கும். துணியில் வடிகட்டி, 25 கிராம் மெழுகைச் சீவிப் போடுவேன். எனக்கு மிகவும் பிடித்த நேரம் இது. சீவலின் ஓரம் முதலில் கண்ணாடியாகும், பிறகு நடுப்பகுதி, பிறகு சீவலையே காணோம். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பார்ப்பேன். வழுக்க வேண்டும், ஓடக்கூடாது.

"தீயைக் கொஞ்சம் கூட்டி வை கண்ணு, எத்தனை நேரம்?" என்று திண்ணையிலிருந்து குரல் வரும்.

"ஆயிற்றுங்க அம்மாயி" என்பேன். ஒருநாளும் கூட்டியதில்லை.

இரவில் தடவிப் பழைய காலுறையை மாட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் விரிப்பெல்லாம் மஞ்சள் கறை. பாத்திரத்தைச் சூடு ஆறுவதற்குள் செய்தித்தாளால் துடைத்துவிடுவேன். மெழுகு சாக்கடையில் போனால் குழாய் அடைத்துக்கொள்ளும். அந்தத் தாளை அம்மாயி பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வார். மறுநாள் காலை வெந்நீர் அடுப்பு ஒரே குச்சியில் பற்றிக்கொள்ளும்.