பத்து லிட்டர் பசுவுக்கு ஒரு நாள் தீவனக் கணக்கு

கலப்பினப் பசுவுக்கு ஒரு நாளைக்கு என்ன போடுகிறீர்கள் என்று எங்கள் ஈரோட்டுப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும், காலையில் இரண்டு படி தவிடு, ஒரு படி புண்ணாக்கு, மதியம் ஒரு கட்டுச் சோளத்தட்டு, மாலையில் ஒரு சுமை புல் என்றுதான் பதில் வரும். தொட்டி காலியாக இருப்பதே இல்லை. ஆனாலும் பத்து லிட்டர் கறக்க வேண்டிய பசு ஏழிலேயே நின்றுவிடுகிறது. அப்போது பெரும்பாலானவர்கள் செய்வது புண்ணாக்கை இன்னும் ஒரு படி கூட்டுவதுதான். என் கருத்தில் அந்த நேரத்தில் வாங்க வேண்டிய பொருள் ஒரு தொங்கு தராசு. ஒரே படியில் கோதுமைத் தவிட்டையும் பொடித்த கடலைப் புண்ணாக்கையும் மாற்றி மாற்றி அளந்து தராசில் போட்டுப் பார்த்தால், தவிட்டின் எடை புண்ணாக்கின் எடையில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். படியை நம்பிப் போடப்படும் தீவனத்தில் சரிவிகிதம் என்று ஒன்று அமைந்தால் அது தற்செயல்தான்.

முதலில் தெரிய வேண்டியது மாட்டின் எடை. மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்புட்ட எலும்பு வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைத்துவிடும். சுற்றளவு 66 அங்குலமும் நீளம் 60 அங்குலமும் உள்ள பசு ஏறத்தாழ 396 கிலோ இருக்கும். அதை 400 என்று வைத்துக்கொண்டால், அந்தப் பசு ஒரு நாளைக்கு உண்ணக்கூடிய உலர்பொருள், அதாவது தீவனத்திலுள்ள தண்ணீரைக் கழித்தபின் மிஞ்சுவது, பதினொன்றிலிருந்து பன்னிரண்டு கிலோ வரை. கம்பு நேப்பியர் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால், 20 கிலோ புல்லை வெட்டிச் சுமந்து வந்து போட்டாலும் மாட்டின் வயிற்றுக்குள் சேரும் உலர்பொருள் நான்கு கிலோதான். தட்டிலோ பத்தில் ஒன்பது பங்கு உலர்பொருள். இந்த வேறுபாட்டை மனத்தில் வைக்காமல், பார்வைக்குத் தெரியும் குவியலைக் கொண்டு முடிவெடுப்பதால்தான் பல கொட்டகைகளில் கணக்கு தவறுகிறது.

நான்கு சதவீதக் கொழுப்புள்ள பாலைப் பத்து லிட்டர் கறக்கும் இந்தப் பசுவுக்கு, உடலைப் பராமரிக்கவும் பால் சுரக்கவும் சேர்த்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,200 கிராம் புரதமும், எரிசக்தியைக் குறிக்கும் டி.டி.என். எனப்படும் செரிக்கக்கூடிய மொத்தச் சத்து 6.3 கிலோ அளவிலும் தேவைப்படுகின்றன. 20 கிலோ நேப்பியர் புல்லிலிருந்து 320 கிராம் புரதமும், 4 கிலோ சோளத்தட்டிலிருந்து 145 கிராம் புரதமும் வந்துவிடும். இரண்டும் சேர்ந்து தரும் டி.டி.என். நான்கு கிலோ. ஆக, இன்னும் 735 கிராம் புரதமும் 2.3 கிலோ டி.டி.என்னும் பாக்கி. வயிற்றில் மிச்சமுள்ள இடமோ நான்கு கிலோ உலர்பொருளுக்குத்தான். தானியம், தவிடு, புண்ணாக்கு கலந்த அடர்தீவனம் அடைக்க வேண்டிய இடைவெளி இவ்வளவுதான். புல்லும் தட்டும் என்ன தருகின்றன என்று பார்க்காமல் மூட்டையிலிருந்து தொடங்குகிறவர்களால் இந்த இடைவெளியைக் காணவே முடியாது.

நூறு கிலோ கலவைக்கு உடைத்த மக்காச்சோளம் 35, கடலைப் புண்ணாக்கு 20, கோதுமைத் தவிடு 22, எண்ணெய் நீக்கிய அரிசித் தவிடு 20, தாது உப்புக் கலவை 2, சாதாரண உப்பு 1 என்று சேர்த்தால், அதில் புரதம் 17 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். இதில் நாலரைக் கிலோ கொடுத்தால் 775 கிராம் புரதம் கிடைத்துவிடும்; எரிசக்தியும் தேவைக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் தேங்காய்ப் புண்ணாக்கும் மட்டும் கலந்து ஆறு கிலோ ஊற்றுகிறவர்கள் இதைவிட அதிகம் செலவழிக்கிறார்கள். தேவைக்கு மிஞ்சிய புரதம் பெருவயிற்றில், அதாவது தீவனம் முதலில் ஊறிப் புளிக்கும் வயிற்றறையில், அம்மோனியாவாக மாறி, கல்லீரலில் யூரியாவாகி, பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடுகிறது. அந்த மாற்றத்துக்கே மாடு தன் எரிசக்தியில் ஒரு பகுதியைச் செலவிடுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், கூட்டிப் போட்ட புண்ணாக்கு ஏன் பாலாக வரவில்லை என்பது புரிந்துவிடும்.

இதில் என் ஓரவஞ்சனை, பயறுவகைப் பசுந்தீவனமான வேலிமசால் பக்கம்தான். மேலே சொன்ன 20 கிலோ நேப்பியரில் 5 கிலோவைக் குறைத்து, அதற்கு ஈடாக 5 கிலோ வேலிமசால் போட்டால், கூடுதலாக 150 கிராம் புரதம் கிடைக்கிறது. அது ஒரு கிலோ அடர்தீவனம் தரும் புரதத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. பத்து சென்ட் வரப்போரத்தை இதற்கு ஒதுக்குவதற்குத் தயங்குகிறவர்கள், மாதாமாதம் தீவனக் கடையில் எவ்வளவு கட்டுகிறார்கள் என்று கூட்டிப் பார்ப்பதில்லை. அகத்தி, தட்டைப்பயறு, குதிரைமசால் ஆகியவையும் இந்த வேலையைச் செய்யும். சூபாபுல் மரத்தழை மட்டும் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதிலுள்ள மைமோசின் என்ற நச்சுப்பொருள் அளவு மீறினால் முடி உதிர்தல் முதலிய தொல்லைகளைத் தரும்.

விலையைப் பார்க்கும் முறையும் மாற வேண்டும். எடுத்துக்காட்டாக, 40 சதவீதப் புரதமுள்ள கடலைப் புண்ணாக்கு கிலோ 50 ரூபாய் என்றும், 22 சதவீதப் புரதமுள்ள தேங்காய்ப் புண்ணாக்கு 35 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். மலிவாகத் தெரிவது இரண்டாவதுதான். ஆனால் ஒரு கிலோ புரதத்துக்கு முன்னதில் 125 ரூபாயும் பின்னதில் 159 ரூபாயும் ஆகின்றன. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு குறைந்த விலைக்கு வந்தால் அதை மட்டும் எந்தக் கணக்கிலும் சேர்க்கக் கூடாது, ஏனெனில் அதிலுள்ள அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நச்சு மாட்டின் உடலில் உருமாறிப் பாலிலும் இறங்கிவிடும்.

கிடைக்கும் பொருள்களையும் அன்றைய விலையையும் கொடுத்தால் தேவையை நிறைவு செய்யும் மிகக் குறைந்த விலைக் கலவையைக் கண்டறியும் நேரியல் திட்டமிடல் முறையை, கறவைத் தீவனத்துக்குப் பொருத்தி ஃபிரெடரிக் வாவ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1951இலேயே எழுதிவிட்டார். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் 2012இல் தொடங்கிய தேசியப் பால்வளத் திட்டத்தின் முதல் கட்டத்தில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் அளவு நாடாவும் தராசும் கணினியுமாக வீடுவீடாகச் சென்று இதே கணக்கை ஒவ்வொரு மாட்டுக்கும் போட்டுக் கொடுத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். எனினும் மென்பொருள் எடுத்துக்கொள்வது அட்டவணையிலுள்ள சராசரி எண்களை. உங்கள் புல் முற்றிக் கணுவிட்டதா, இளசாக இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. அறுபது நாளைத் தாண்டி நிற்கும் நேப்பியரில் மேலே நான் எழுதிய புரத அளவை எதிர்பார்க்கக் கூடாது.

கணக்குச் சரியாக இருந்தும் மாடு கெடுவது, மாவுச்சத்தைத் திடீரென ஏற்றும்போது. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருத்துவர்களுக்கு ஓய்வு கிடையாது. பானை பானையாகச் சோற்றை உண்ட மாட்டின் பெருவயிற்றில் அமிலம் ஏறி, உயிருக்கே ஆபத்தாகிவிடுகிறது. அன்பை வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டால் மாட்டுக்கு நல்லது. அன்றாடத் தீவனத்திலும் இதே கோளாறு சிறு அளவில் நடக்கிறது. புண்ணாக்கையும் மாவையும் தண்ணீரில் கரைத்துக் கூழாக ஊற்றினால் மாடு மெல்லாமல் உறிஞ்சிவிடுகிறது. மெல்லாதபோது உமிழ்நீர் குறைகிறது. அமிலத்தை மட்டுப்படுத்தும் பைகார்பனேட்டு அந்த உமிழ்நீரில்தான் இருக்கிறது. கை நனையும் அளவுக்குப் பிசிறிக் கொடுத்தாலே போதும். கலவையை மாற்றுவதானால் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி, ஏழிலிருந்து பத்து நாளில் மாற்ற வேண்டும்.

தாது உப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு லிட்டர் பாலோடும் 1.2 கிராம் சுண்ணாம்புச் சத்து வெளியேறுகிறது. வைக்கோலிலும் நேப்பியரிலும் உள்ள ஆக்சலேட்டு, தீவனத்திலுள்ள சுண்ணாம்பையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. தாது உப்பைக் கலவையில் சேர்க்காதவர்கள் அதை நாளொன்றுக்கு 50 கிராம் தனியாகக் கொடுக்க வேண்டும்.

கணக்கு பலிக்கிறதா என்பதைக் கறவைப் பாத்திரத்துக்கு முன்பே சாணம் காட்டிவிடும். கொழகொழவென்று பரவி, பாலில் கொழுப்பும் குறைந்தால், அடர்தீவனம் மிஞ்சி நார்ச்சத்து போதவில்லை என்று கொள்ளலாம். அடுக்கடுக்காகக் கெட்டியாக விழுந்தால் தட்டு மிஞ்சிப் புரதம் குறைந்திருக்கலாம். படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்குமேல் அசைபோட்டுக்கொண்டிருக்க வேண்டும். மக்காச்சோளம் செரிக்காமல் முழுசாகச் சாணத்தில் தென்பட்டால், அரவை மில்லில் ரவைப் பதத்துக்கு உடைத்துத் தரச் சொல்லுங்கள். மாவாக அரைத்துவிட்டால் மறுபடியும் அமிலத் தொல்லைதான்.