சனி ஞாயிறில் ஆச்சிமாரோடு

வவுனியாப் பல்கலைக்கழகத்தின் பம்பைமடுக் கம்பஸில் நான் படிப்பது சுற்றாடல் விஞ்ஞானம். பிறகு ஏன் சனி ஞாயிறில் முதியோர் இல்லத்தில் தாதி உதவியாளராக நிற்கிறாய் என்று வீட்டில் கேட்காத நாளில்லை. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஊசி, மருந்தெல்லாம் தாதியின் வேலை, அதைத் தொட விடமாட்டார்கள், அது சரிதான். நான் பழகியது வேறு. எழும்ப ஏலாத ஆச்சியை 2 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிக்காலிலும் படுக்கைப்புண் வந்துவிடும். புரட்டும்போது தோலைப் பார்த்து, சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்க, அது வெளிறாமல் அப்படியே சிவப்பாக இருந்தால் உடனே தாதி அக்காவிடம் ஓட வேண்டும். கஞ்சி தீத்தும்போது நிமிர்த்தி இருத்த வேண்டும், படுத்தபடி கொடுத்தால் புரைக்கேறும்.

போன கிழமை பரீட்சை, போகவில்லை. நேற்றுப் போனதும் இல்லத்து ஆச்சி ஒருவர் கையைப் பிடித்து, "எங்கை பிள்ளை போனனீ, சாப்பிட்டனியோ?" என்றார். கண் கலங்கிவிட்டது.

படித்துக்கொண்டே இந்த வேலைக்கு வர யோசிக்கும் தம்பி தங்கச்சிமார், பரீட்சைத் திகதிகளை முன்கூட்டியே இல்லத்தில் சொல்லுங்கள், ஆச்சிமாரிடமும் சொல்லுங்கள். அவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.