நாலு திசையும் ஒரு 'கு'வும்: தண்டையார்பேட்டை விடுகதை நாட்குறிப்பு

ஜூன் 2

திசைப் பெயரை வைத்துச் சொல்விளையாட்டு விடுகதை கட்ட, கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று போதும். கட்டத்துக்கு ஓர் எழுத்து. புள்ளி வைத்த மெய்க்கும் தனிக் கட்டம். கிழக்கு நாலு கட்டம், வடக்கு நாலு, மேற்கு மூணு, தெற்கு மூணு. மூலைத் திசைகளில் வடமேற்கும் தென்மேற்கும் ஐந்து. வடகிழக்கும் தென்கிழக்கும் ஆறு. 'நாலெழுத்துத் திசை எது?' என்று கேட்டால் ரெண்டு விடை வரும், விடுகதை அங்கேயே படுத்துவிடும்.

எழுதிப் பார்த்ததும் கண்ணில் படுவது கடைசிக் கட்டம். நாலுமே 'கு'வில் முடிகிறது. 'கு' நான்காம் வேற்றுமை உருபு. அவனுக்கு, வீட்டுக்கு, அதற்கு என்பதில் வருவது அதுதான். திசைப் பெயரைச் சொன்ன உடனே காது 'எதுக்கு, யாருக்கு' என்ற பக்கம் சாய்வதற்கு இதுவே காரணம். தமிழில் திசை விடுகதைகள் பாதி இந்த ஏமாற்றில்தான் ஓடுகின்றன. சின்னப் பிள்ளைகள் முதலில் சிரிப்பது இதற்கு: 'எந்தத் திசைக்குச் சட்னி வேணும்?' வடக்கு. வடைக்கு என்பதை வாய் வேகமாகச் சொன்னால் வடக்கு என்றே விழும். பலகையில் எழுதினால் ட வேறு, டை வேறு; விளையாட்டு போச்சு. 'எந்தக் கறிக்குத் திசை உண்டு?' என்பதும் அதே ஜாதி. எழுத்தில் அது வடைகறி. தள்ளுவண்டியில் யார் அதை ஐகாரத்தோடு கேட்கிறார்கள்? வடகறிதான்.

ஆகவே ஒவ்வொரு விடுகதைக்குப் பக்கத்திலும் 'காது' அல்லது 'கண்' என்று குறித்துவிட வேண்டும். காதுக்கானதை அச்சடித்துக் கொடுப்பதும், கண்ணுக்கானதை வாயால் கேட்பதும்தான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தப்பு.

ஜூன் 4

இன்று கிழக்கு.

மூணாவது கட்டத்தில் க் எடுத்து ங் வைத்தால் கிழங்கு. க் வல்லினம், ங் மெல்லினம். மெல்லினம் பிறக்கிற இடம் மூக்கு. அதையே துப்பாக்கலாம்: 'கடல் பக்கம் இருப்பேன், மூக்கால் சொன்னால் மண்ணுக்குள் போவேன்.' காதுக்கும் கண்ணுக்கும் ஒருசேர நிற்கிற அபூர்வமான ஒன்று. 'ஓர் எழுத்து மாறினால்' என்று மொட்டையாகக் கேட்பதைவிட 'மூக்கால்' எத்தனையோ மேல். எந்த எழுத்து மாறுகிறது என்பதை அது காட்டியும் கொடுக்கிறது, மறைத்தும் வைக்கிறது.

ரெண்டாவது கட்டத்தைத் தூக்கினால் கிக்கு. 'ழ போனால் போதை.' பெரியவர்கள் கூட்டத்துக்கு மட்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நம்ம பக்கத்துப் பேச்சில் ழ பல வாயில் ய ஆகிவிடும்: பயம், கெயவி, கெயக்கு. கிழங்கும் அதே கதியாகக் கெயங்கு ஆவதால் மூக்கு விடுகதைக்குச் சேதம் இல்லை. 'ழ போனால்' விடுகதைதான் அடி வாங்கும். வாயில் இல்லாத எழுத்தை எங்கிருந்து எடுப்பது? அதைக் கண் கணக்கில் எழுதியாயிற்று.

ஜூன் 5

ஆங்கிலத்தில் நாலு திசையின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால்தான் 'நியூஸ்' வந்தது என்று சொல்லித் திரிகிறார்கள். புதுசு என்று பொருள்படும் 'நியூ'விலிருந்து வந்த சொல் அது. எழுத்துகள் பொருந்துவது தற்செயல். தமிழில் கி, மே, வ, தெ என்று எப்படி அடுக்கினாலும் ஒன்றும் வராது. இந்த வழியில் யாரும் நேரத்தைத் தொலைக்க வேண்டாம்.

ஜூன் 8

வடக்குக்குச் சொந்தக்காரர்கள் அதிகம். முதல் கட்டம் போனால் டக்கு: 'தலையை வெட்டினால் சட்டுனு முடியும் திசை.' ரெண்டாவது போனால் வக்கு. முதல் கட்டத்தை மாற்றினால் அடக்கு, மடக்கு, முடக்கு. ரெண்டாவதை மாற்றினால் வழக்கு.

சொந்தக்காரர்கள் கூடினால் தகராறும் கூடும். 'வடக்கில் ஓர் எழுத்து மாறினால் என்ன?' என்று கேட்டால் நாலைந்து விடை வரும், எல்லாமே சரி. கேட்டவர் தன் விடைதான் சரி என்று அடம் பிடித்தால் கூட்டம் கலையும். மருந்து, ரெண்டாவது துப்பு ஒன்றைச் சேர்ப்பது. வடசென்னைக்காரர்களுக்கு அது தானாகவே அமைகிறது. உயர் நீதிமன்றம் பாரிமுனையில் இருக்கிறது. தண்டையார்பேட்டையிலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ போனால் தெற்கே போக வேண்டும். 'வடக்கில் ஓர் எழுத்தை மாத்தினேன், தெற்கே போக வேண்டியதாப் போச்சு.' வழக்கு. இதையே அடையாற்றில் கேட்டால் கோர்ட்டு வடக்கே இருக்கும், துப்பு பல்லிளிக்கும். திசை விடுகதைக்கு எந்த ஊரில் நின்று கேட்கிறோம் என்பதும் ஓர் உறுப்பு.

ஜூன் 11

மேற்கும் தெற்கும் கஞ்சர்கள். நடுவில் நிற்கும் ற் அசைய விடாது. எடுத்தால் மேகு, தெகு, ஒன்றுக்கும் உதவாது. ரெண்டு வழி இருக்கிறது.

ஒன்று, பேச்சுக்குப் போவது. மேக்கு, தெக்கு. ற் கரைந்து க் ஆனதும் கதவு திறக்கும். 'முகத்தில் பூசிக்கிற திசை?' மேக்கு, மேக்கப்பு. 'இழுத்துச் சொன்னால் கட்டில் செய்யலாம்.' தெக்கு, தேக்கு.

ரெண்டு, அடிச்சொல்லுக்குப் போவது: மேல், தென். 'கண்ணுக்குப் படுகிற ஒரே திசை எது?' தெற்கு, ஏனென்றால் அது மட்டும்தான் தென்படும். 'இழுத்துச் சொன்னால் இனிக்கும்.' தென், தேன். மேலே சொன்ன தேக்கும் 'இழுத்துச் சொன்னால்' வகைதான் என்பதால் ரெண்டையும் ஒரே நாளில் கேட்கக் கூடாது. 'எந்தத் திசையின் கோளுக்கு முன்னும் பின்னும் ரெட்டைக் குறி போடுவார்கள்?' மேற்கோள். கோள் என்பது கிரகம் என்று தெரியாத பிள்ளையிடம் இது ஓடாது.

இந்த வகையில் ஆகச் சிறந்தது மேற்கூரை. மேல் + கூரை என்றும் பிரியும்; மேற்கு + ஊரை என்றும் பிரியும். பிரிமொழிச் சிலேடை. ஊர் என்று நிற்காமல் 'ஊரை' என்று ஐ தொங்குவதால், கேள்வியில் 'எதை' வந்தே ஆக வேண்டும்: 'மழைக்கு ஒதுங்கினவன் தலைக்கு மேல் ஒன்றைப் பார்த்தான். அதைப் பிரித்தால் ஒரு திசையில் எதையோ பார்த்தான்.' எதை? ஊரை. கண்ணுக்கு மட்டும்.

புலவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால் தடை சொல்வார். நன்னூல் திசைப்பெயர்ப் புணர்ச்சிப்படி மேற்கு + ஊர் மேலூர்தானே, மேற்கூர் எப்படி என்பார். அந்தச் சூத்திரம் 'நீங்கலும்', 'திரிதலும்' என்று உம் போட்டுத்தான் பேசுகிறது, திரியாமலும் வரலாம் என்று தப்பிக்கலாம். விடுகதைக்கு அவ்வளவு போதும்.

ஜூன் 14

காற்றுக்குப் போனால் கஞ்சத்தனமே இல்லை. வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. இந்த மாதம் முற்பகலில் அனலாக அடிப்பது கோடை; கடல்காற்று ஏறினால்தான் மூச்சு வரும்.

நெடிலைக் குறிலாக்கினால் வாடை, வடை: 'வடக்கத்திக் காற்றைச் சுருக்கினேன், எண்ணெய்ச் சட்டியில் விழுந்தது.' கோடை, கொடை: 'அனல்காற்றைச் சுருக்கினால் வள்ளல் கையில் இருக்கும்.' எழுத்து வித்தை காட்டுகிற பழைய சித்திரகவியில் இதற்கு மாத்திரைச் சுருக்கம் என்று பெயர். 'தென்' என்பதைத் 'தேன்' ஆக்கியது மாத்திரை வருத்தனம். பெயர் பெரிதாக இருந்தாலும் வேலை ஒரு காலை எடுப்பதும் கொம்பை மாற்றுவதும்தான்.

வினாவுத்தரமும் இங்கே அழகாக உட்காருகிறது. துண்டு துண்டாகக் கேட்டு, விடைகளை ஒட்ட வைக்கிற வகை. 'கூப்பிட ஓர் எழுத்து?' வா. 'பள்ளிக்கூடப் பையன் கழுத்தில் ஓர் எழுத்து?' டை. 'ரெண்டும் சேர்ந்தால் எங்கிருந்து அடிக்கும்?' வடக்கிலிருந்து. வா-வுக்குப் பதில் 'ஓரெழுத்து ராஜா' என்றால் கோ. கோ + டை மேற்கிலிருந்து அடிக்கும். 'ஓரெழுத்து' என்பதை விட்டால் மன்னன், அரசன் என்று போய்விடுவார்கள். துண்டுகளை முதலில் கேட்டு முழுசைக் கடைசியில் கேட்க வேண்டும். 'வடக்குக் காற்று' என்று ஆரம்பித்தால் பாடப் புத்தக அறிவிலேயே விடை வந்துவிடும், டைக்கு வேலை இருக்காது.

பிரிக்காமலே ரெண்டு பொருள் தருவது செம்மொழிச் சிலேடை. வாடைக்கு இன்னொரு பொருள் மணம். 'காசிமேட்டில் எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் ஒரே காற்றுதான். என்ன காற்று?' வாடைக்காற்று. மீன் ஏலம் நடக்கிற இடத்தில் நின்றவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அந்தக் கடற்கரை ஆட்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டால் இது சிரிப்பு. வெளியாள் வந்து கேட்டால் வசவு. யார் வாயில் வைக்கிறோம் என்று பார்த்து வைக்கணும்.

ஜூன் 18

கிழக்கு கீழ் என்பதிலிருந்து, மேற்கு மேல் என்பதிலிருந்து. தமிழ்நாடு மேற்கு மலையிலிருந்து கிழக்குக் கடலுக்குச் சரிகிற நிலம். இந்த வேர் தெரிந்தால் 'பேரில் மேடு, இருப்பது கீழே. எந்த இடம்?' என்பதை அவிழ்க்கலாம்: காசிமேடு. 'டவுன் பஸ்ஸில் போகிற காசி' என்றும் ஒரு கொக்கி போடலாம். மலையாளத்திலும் கிழக்கு என்பதே கிழக்குக்குப் பெயர். ஆனால் அங்கே மலை கிழக்கே, கடல் மேற்கே. கீழ்-மேல் விடுகதை பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் தலைகீழாகிவிடும்.

பத்திரத்துச் செக்குபந்தியிலும், அதாவது மனையின் நாலு எல்லையைச் சொல்கிற பகுதியிலும், நல்ல சரக்கு இருக்கிறது. 'தெருவுக்குக் கிழக்கு' என்று எழுதியிருந்தால் மனை கிழக்கே, தெரு மேற்கே. 'தெருவுக்குக் கிழக்குன்னு எழுதின வீட்டுக்குத் தெருவாசல் எந்தப் பக்கம்?' என்று கேட்டால் பெரியவர்களே கிழக்கு என்று விழுவார்கள். விழ வைப்பது மறுபடியும் அந்தக் 'கு'தான். கூடவே: 'கண்ணில்லாமல் வடக்குப் பார்ப்பது?' வடக்குப் பார்த்த வீடு.

ஜூன் 21

துப்பில் 'சூரியன் உதிக்கும் திசை' என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். நேர்கிழக்கில் சூரியன் உதிப்பது மார்ச், செப்டம்பர் மாதங்களில் வரும் சம இரவு நாள்களை ஒட்டித்தான். இன்று சென்னையில் அது நேர்கிழக்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை வடக்கே தள்ளி எழும். கெட்டிக்காரப் பிள்ளை வடகிழக்கு என்று சொன்னால் மறுக்க முடியாது. 'உச்சி வெயில் நிழல் வடக்கே விழும்' என்பதும் அப்படியே. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை இங்கே அது தெற்கே விழும். 'கடல் பக்கம்' என்பதற்கு இந்த வம்பெல்லாம் கிடையாது.

ஜூன் 23

உதிரிகள். 'எட்டிப் பிடிக்க முடியாத எட்டு?' எட்டுத் திக்கு. 'எந்த மூலைக்குப் பெருங்காயம் வேணும்?' வாயு மூலை, அதாவது வடமேற்கு. திக்கு என்பதை வைத்துத் திக்கிப் பேசுகிறவர்களைக் கிண்டல் செய்கிற ஒன்றும் சுற்றுகிறது, அதைச் சேர்க்கவில்லை.

இலக்கணம் படித்தவர்களுக்கு: 'திசை எந்தத் திசையிலிருந்து வந்தது?' வடக்கு. திசை என்ற சொல்லே வடசொல். பெயர் பொருத்தத்தைப் பார்த்துத் திசைச்சொல் என்று சொன்னால் அவுட்.

சங்கம் படித்தவர்களுக்கு: 'தெற்கே உறையூர்ப் பக்கம் இருந்தபடியே வடக்கிருந்தவர் யார்?' கோப்பெருஞ்சோழன். வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர் விடுவதுதான் வடக்கிருத்தல். சாவு விஷயம் என்பதால் கல்யாண வீட்டில் கேட்க வேண்டாம்.

ஜூன் 27

மூணு வாரமாகத் தனித்தனியாகக் கிடந்த கட்டங்களை இன்று வரிசையாக ஒட்டியபோது ஏணி ஒன்று கிடைத்தது. ஒரு படிக்கு ஓர் எழுத்தை மாற்றலாம், எடுக்கலாம், அல்லது சேர்க்கலாம். கிழக்கில் தொடங்கி, கோயிலை வலம் வருகிற முறையிலேயே தெற்கு, மேற்கு, வடக்கு என்று சுற்றி மறுபடி கிழக்குக்கே வருகிறது:

கிழக்கு – கிக்கு – தெக்கு – மேக்கு – வக்கு – வடக்கு – வழக்கு – கிழக்கு.

ஏழு படி. தெற்கும் மேற்கும் பேச்சு வடிவில் நிற்கின்றன, மற்றவை எழுத்து வடிவில். முதல் நாள் போட்ட காது-கண் சட்டத்தை இது மீறுகிறது. ஆனாலும் எழுத்து வடிவத்தில் தெற்குக்கும் மேற்குக்கும் தங்களுக்குள் மட்டும்தான் பாலம் உண்டு. மூணு கட்டத்துக்கும் நாலு கட்டத்துக்கும் நடுவே வேறு வழி தென்படவில்லை. தொடங்கும்போதே 'தெக்கும் மேக்கும் பேச்சு வழக்கில்' என்று சொல்லிவிட்டால் நியாயம்.

கேட்கிற விதம்: எட்டுக் கட்டச் சீட்டில் முதலும் கடைசியும் மட்டும் நிரப்பிக் கொடுத்து, நடுவே ஆறையும் காலியாக விட வேண்டும். துப்பை ஒரே மூச்சில் படித்து, ஒரு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும்:

'திருவொற்றியூர் மாட வீதியில் கடல் பக்கத்திலிருந்து கிளம்பினான். போதை ஏறிச்சு. வலப்பக்கம் திரும்பி ஒரு வீதி, அதுக்கப்புறம் இன்னொரு வீதி. கையில காசில்லை, கட்ட வழியில்லை. மூணாவது வீதிக்கு வந்ததும் போலீஸ் பிடிச்சது. கோர்ட்டுக்குப் போய்ட்டு, கிளம்பின வீதிக்கே வந்து நின்னான்.'

'கட்ட வழியில்லை' என்பதில் வக்கு கிடைக்காமல்தான் நிற்பார்கள். அரை நிமிஷம் விட்டு, 'வழி இல்லாதவனை என்னான்னு திட்டுவாங்க?' என்று கேட்டால் போதும்.