மார்க் 3 அம்பாசிடர்: பிளாக் நம்பர் சிக்கிவிட்டது

கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் நிற்கும் அம்பாசிடரில் இருப்பது, வண்டி பிறந்தபோதே இருந்த இன்ஜின்தான். 1977 மார்க் 3, 1489 சிசி பெட்ரோல். உத்தர்பாரா தொழிற்சாலையில் இருந்து வந்தபோது இருந்த பிளாக், அதாவது நம்பர் அடித்திருக்கும் இன்ஜினின் இரும்பு உடம்பு, அப்படியே இருக்கிறது. இனி யார் கேட்டாலும் அடித்துச் சொல்வேன்.

சந்தேகம் வரக் காரணம் உண்டு. டீசல் மலிவாக இருந்த காலத்தில் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசலை ஏற்றியவர்கள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நிறையப் பேர். இப்போது பழைய வண்டிக்கு மவுசு வந்ததும் எங்கிருந்தோ ஒரு பெட்ரோல் இன்ஜினைத் தேடி மாட்டி, ‘ஒரிஜினல்’ என்று விலை சொல்கிறார்கள். வீட்டு ஆச்சி, “ஐயா எடுத்த வண்டிப்பா, ஒண்ணையும் மாத்தலை” என்றார்கள். அவர்கள் பொய் சொல்கிறவர்கள் இல்லை. ஆனால் நடுவில் சில வருஷம் வண்டி அரிசி மில் வேலைக்கு ஓடியிருக்கிறது. அப்போது ஒர்க்‌ஷாப்பில் நடந்தது வீட்டு வளவுக்குள் இருந்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆர்.சி.யும் (வண்டியின் பதிவுச் சான்று) இன்ஜின் நம்பரும் ஒத்துப்போனால் போதும் என்பது பாதி உண்மை. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி, இன்ஜினை மாற்றியவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஒழுங்காக ஏற்றியிருந்தால் மாற்று இன்ஜினும் ஆர்.சி.யோடு கச்சிதமாக ஒத்துப்போகும். அதனால் இப்போதைய ஆர்.சி. கார்டை நம்பாமல் பழைய ஆர்.சி. கைப்புத்தகத்தைத் தேடி எடுக்கச் சொன்னேன். சிவகங்கை தனி மாவட்டம் ஆகாமல், இராமநாதபுரத்தோடு இருந்த காலத்துப் புத்தகம். இன்ஜின் மாறியதாக அதில் ஒரு வரி இல்லை. ஆனால் இன்ஜின் நம்பரின் கடைசி எண் புத்தகத்தில் 3, கார்டில் 8.

ஆக, பிளாக்தான் பதில் சொல்ல வேண்டும். நம்பர் இருக்கும் இடத்தில் ஆயிலும் செம்மண்ணும் சேர்ந்து தார் மாதிரி இறுகிக் கிடந்தது. மெக்கானிக் அண்ணன் எமரி ஷீட்டை (இரும்பு தேய்க்கும் உப்புத்தாள்) எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். “ரெண்டு தேய்ல தெரிஞ்சிரும் தம்பி.” நான் விடவில்லை. எமரியும் கம்பி பிரஷும் அங்கே படவே கூடாது. நம்மவர்கள் நம்பரை மட்டும் பார்க்கிறார்கள்; நம்பருக்கு அடியில் இருக்கும் பரப்புதான் சாட்சி. பழைய நம்பரை கிரைண்டரில் சீவிவிட்டுப் புதிதாக பஞ்ச் அடித்திருந்தால், அந்த இடம் லேசாகக் குழிந்து, சுற்றியுள்ள இரும்பைவிட மழமழவென்று இருக்கும். எமரி போட்டால் எல்லா பிளாக்கும் அப்படித்தான் தெரியும். அப்புறம் யார் வந்து பார்த்தும் பயனில்லை.

மண்ணெண்ணெய் நனைத்த துணியை இரவு முழுக்க ஒட்டி வைத்தேன். மறுநாள் மூங்கில் குச்சியைச் சீவிச் சுரண்டல், பழைய டூத் பிரஷ், மறுபடி மண்ணெண்ணெய். ஈரம் போனதும் முகப் பவுடரை விரலில் தொட்டுத் தேய்த்தால் எழுத்துப் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். டார்ச்சை நேராக அடிக்காதீர்கள், நிழல் விழாது. பிளாக்கை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும்.

கடைசி எண் 3. இடது பக்கம் இரண்டு வளைவும் திறந்தே இருக்கின்றன. 8-ஐ அரைகுறையாக அடித்திருந்தால் அந்தப் பக்கம் ஒரு கீறலாவது தெரியும். வெறும் வார்ப்பு இரும்புதான் தெரிந்தது. மெல்லிய தாள் வைத்துப் பென்சில் தேய்த்து எடுத்த பிரதியிலும் அதேதான். பரப்பில் கிரைண்டர் கோடு இல்லை, குழியும் இல்லை. புத்தகத்தில் இருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றியவர் 3-ஐ 8 என்று படித்திருக்கிறார், அவ்வளவுதான்.

அதோடு விடாமல் டீசல் ஏறி இறங்கிய தடயத்தையும் தேடினேன். டீசலுக்கு டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் பைப் வேண்டும். இதில் அந்த வழியே இல்லை. டேஷ்போர்டில், டீசல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் சூடேற்றும் ஹீட்டர் பிளக் ஸ்விட்சுக்குப் போட்ட ஓட்டை இல்லை. இன்ஜின் மவுண்டிங்கில் வெட்டி ஒட்டிய வெல்டிங்கும் இல்லை.

தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து (போர் பண்ணி) கொஞ்சம் பெரிய பிஸ்டன் போட்ட இன்ஜின் ஒரிஜினல் ஆகுமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். என் கணக்கில் ஆகும். பிஸ்டன், வால்வு, பிளாக்குக்கு மேல் மூடியாக இருக்கும் ஹெட் எல்லாம் தேய்கிற சாமான். பிளாக் மாறினால்தான் இன்ஜின் மாறியது.

நம்பர் படித்த பூதக்கண்ணாடி, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடையில் வாங்கியது. கனமான பித்தளை வளையம், லென்ஸில் கீறலே இல்லை. அந்தத் தெருவில் கதவு, தூண், எனாமல் பாத்திரம் பார்க்கப் போகிறவர்கள் கார் சாமானையும் கேட்டுப் பாருங்கள். மார்க் 3 கிரில் மட்டும் அங்கே கிடைக்கவில்லை, சென்னை புதுப்பேட்டைக்குத்தான் போக வேண்டும்.

ஹெட்டை இன்னும் திறக்கவில்லை. முதலில் கார்டில் அந்த 8-ஐத் திருத்த மனு. பென்சில் பிரதியையும் புத்தக நகலையும் சேர்த்து வைத்துவிட்டேன். இதற்குள் பள்ளத்தூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பழைய கார் ஒன்று நிற்பதாகத் தகவல். பானெட்டை முழுசாக முன்பக்கம் கவிழ்த்துத் திறக்கிற வண்டி, நம்பர் பார்க்க இவ்வளவு குனிய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மண்ணெண்ணெயோடு கிளம்புகிறேன்.