நாளைய மேலதிகாரியை இன்று யார் சரிபார்ப்பது?

இங்கிலாந்தில் ஒரு உள்ளூராட்சிக் கவுன்சிலின் கூட்டப் பிரிவில் நீண்ட காலம் வேலை செய்தேன். நிகழ்ச்சி நிரல் தயாரிப்பது, கூட்டத்துக்கு 5 முழு வேலைநாட்களுக்கு முன்பே அறிக்கைகளை வெளியிடுவது, குறிப்பெடுப்பது, வாக்குகளை எண்ணிப் பதிவது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் எழுத்தர் வேலை. ஆனால் ஒரு முடிவு சட்டப்படி நிற்குமா, விழுமா என்பது பல வேளைகளில் இந்தத் தாள்களில்தான் தங்கியிருக்கும். எங்கள் சீஃப் எக்ஸிகியூட்டிவ், அதாவது கவுன்சிலின் தலைமை அலுவலர், நியமனம் தகராறாகி, கடைசியில் மத்திய அரசு தலையிட்டபோது அதை நன்றாகவே உணர்ந்தேன்.

இலங்கையில், எங்கள் ஊரில் மாநகர ஆணையாளரைச் சபை உறுப்பினர்கள் தெரிவு செய்வதில்லை. அவர் அரச சேவையிலிருந்து வருவார். இங்கிலாந்தில் கவுன்சிலே தனக்கான தலைமை அலுவலரைத் தேடிக்கொள்ள வேண்டும். தகுதியைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது என்கிறது 1989ஆம் ஆண்டுச் சட்டம். 2001இல் வந்த விதிகளின்படி, தெரிவுக்குழு ஒருவரைத் தேர்ந்தாலும் முழுச் சபை அங்கீகரித்த பிறகுதான் அவருக்கு வேலையைக் கொடுக்கலாம். அதற்கும் முன்னர் கவுன்சிலை நடத்தும் ஆளும் குழுவான கபினட்டின் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் பெயரை அறிவித்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்க வேண்டும். அமைச்சருக்கு இதில் சாதாரணமாக எந்த வேலையும் இல்லை.

எங்கள் கவுன்சிலில் முந்தைய அதிகாரி விலகியதும் உள்ளே இருந்த ஒரு பணிப்பாளர் பதில் கடமை பார்த்தார். அவரே நிரந்தரப் பதவிக்கும் விண்ணப்பித்தார். அதில் பிழை எதுவும் இல்லை. பல இடங்களில் நடப்பதுதான். பிழை வேறிடத்தில் நடந்தது. இதே அளவுள்ள அமைப்பொன்றை நடத்திய அனுபவம் 'கட்டாயம்' என்றிருந்த தகைமை, விண்ணப்பங்கள் வந்து சேர்ந்த பிறகு 'விரும்பத்தக்கது' என்று மாறிவிட்டது. யார் மாற்றினார், எந்தக் கூட்டத்தில் மாற்றினார் என்பதற்கு ஒரு வரிகூடப் பதிவில் இல்லை. அந்தப் பணிப்பாளரிடம் இல்லாத அனுபவம் அது ஒன்றுதான்.

தெரிவுக்குழுவில் கட்சிகளுக்கு அவற்றின் பலத்துக்கேற்ப இடம் உண்டு. ஆகவே ஆளும் கட்சி நினைத்தால் குழுவில் எப்போதும் வெல்லலாம். வென்றார்கள். பெயர் முழுச் சபைக்கு வந்தது, றோஸ் தாளில். பொதுமக்களுக்கு மூடப்பட்ட விடயங்களை நாங்கள் அந்த நிறத்தில்தான் அச்சிடுவோம். கூட்டம் முடிந்ததும் ஒவ்வொரு பிரதியையும் திரும்ப வாங்கிக்கொள்வோம். அன்று எதிரணியைச் சேர்ந்த மூத்த பெண் உறுப்பினர் ஒருவர் தன் பிரதியைத் தர மறுத்தார். "இதை மக்கள் பார்க்கக் கூடாது என்பதற்கான காரணத்தை முதலில் எழுதித் தாருங்கள், பிறகு தருகிறேன்" என்றார். ஒரு வேட்பாளரின் தனிப்பட்ட விவரங்களை மறைப்பதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. தகைமையை மாற்றியதை மறைப்பதற்கு இல்லை. அவர் பிடித்த பிடி சரியானது. அன்று வாக்கெடுப்பு நடக்கவில்லை, விடயம் ஒத்திவைக்கப்பட்டது.

அந்த வாரத்தில் நிதிப் பிரிவிலிருந்த எங்கள் அண்ணா ஒருவர் தேநீர் குடிக்கும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நாளைக்கு அவர்தான் உனக்குப் பெரியவர். குறிப்பிலை இதெல்லாத்தையும் எழுதத்தான் போறியோ?"

"அவருக்கு எதிரா ஒண்டும் எழுதேல்லை அண்ணா. நடந்ததை எழுதுறன்."

"நடந்ததை எழுதினாலே அது எதிர்தானே."

அவர் பயமுறுத்தவில்லை, அக்கறையில் சொன்னார். இந்த விவகாரம் முழுவதற்கும் சாவி அந்தப் பேச்சில்தான் இருந்தது என்று இன்றும் நம்புகிறேன். ஒரு கவுன்சிலில் வேறு எந்த அலுவலரை எடுத்தாலும் முறை பிசகினால் கேட்பதற்கு மேலே ஒருவர் இருப்பார். சீஃப் எக்ஸிகியூட்டிவை எடுக்கும்போது மட்டும் மேலே எவரும் இல்லை. குழுவுக்கு ஆலோசனை சொல்லும் மனிதவளப் பணிப்பாளர், சட்டம் மீறப்பட்டால் அறிக்கை எழுத வேண்டிய மொனிட்டரிங் ஒஃபிசர், குறிப்பெடுக்கும் என்னைப் போன்றவர்கள், எல்லோரும் அடுத்த மாதம் அதே மனிதருக்குக் கீழே வேலை செய்யப் போகிறவர்கள். மொனிட்டரிங் ஒஃபிசருக்குச் சட்டம் தனியான கடமையைத் தந்திருக்கிறது. அந்தக் கடமையைச் செய்ய அவர் தன் நாளைய மேலதிகாரிக்கு எதிராக எழுத வேண்டும். எங்கள் மொனிட்டரிங் ஒஃபிசர் நேர்மையானவர். இருந்தும் அந்த நாட்களில் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நிதி நிலைமை காரணமாக எங்கள் கவுன்சிலில் ஏற்கெனவே அரசின் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. பரிசோதகர்கள் இந்த நியமனக் கோப்பையும் கேட்டார்கள். பின்னர் 1999ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின் 15ஆம் பிரிவின் கீழ் அரசு நியமித்த ஆணையாளர்கள் வந்தார்கள். சீஃப் எக்ஸிகியூட்டிவ், நிதிப் பொறுப்பதிகாரி, மொனிட்டரிங் ஒஃபிசர் ஆகிய மூன்று பதவிகளின் நியமனமும் அவர்கள் கைக்குப் போனது. இது புதுமையான ஏற்பாடு அல்ல. 2014 டிசெம்பரில் லண்டனின் டவர் ஹம்லெட்ஸ் கவுன்சிலுக்கு சேர் கென் நைட், மக்ஸ் கொலர் ஆகிய இருவரை அமைச்சர் எரிக் பிக்கிள்ஸ் அனுப்பியபோதும் மானியங்களோடு இந்த மூன்று பதவிகளும் அவர்களின் பொறுப்பில் வந்தன. அங்கே அதற்குமுன் சில வருடங்களாக நிரந்தரமான சீஃப் எக்ஸிகியூட்டிவ் இல்லை. 2015இல்தான் ஒருவர் வந்தார். ஆணையாளர்கள் 2017 வரை இருந்தார்கள்.

எங்களிடம் வந்த ஆணையாளர் முதல் நாளே புள்ளித் தாள்களைக் கேட்டார். நேர்முகத்தில் ஒவ்வொரு உறுப்பினரும் தன் கையால் புள்ளி போட்ட தாள். ஒரு தாளில் 3 வெட்டப்பட்டு 4 ஆகியிருந்தது. பேனையின் நிறமும் வேறு. "இது யார் கை? எந்த நேரம்?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. மேசையைச் சுற்றியிருந்த எவரும் பதில் சொல்லவில்லை. அவர் அந்தத் தாளைத் திருப்பி வைத்துவிட்டு, அடுத்த சுற்றுக்கான விதிகளை எழுதத் தொடங்கினார்: விளம்பரம் வெளியான பிறகு தகைமையைத் தொடக்கூடாது, புள்ளியை மாற்றினால் காரணத்தையும் நேரத்தையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும், நேர்முக அறையில் கவுன்சிலோடு தொடர்பில்லாத ஒருவர் இருக்க வேண்டும்.

அந்த அறையில் எனக்கு நிம்மதியும் வந்தது, வருத்தமும் வந்தது. மக்கள் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்கள் தங்கள் தலைமை அலுவலரைத் தாங்களே தெரிவு செய்ய முடியாமல் கைகட்டி இருந்தார்கள். அதிலே பிழை செய்யாதவர்களும் இருந்தார்கள். ஆணையாளர்களின் சம்பளத்தைக் கட்டுவது கவுன்சில்தான். நூலக நேரத்தைக் குறைத்துக்கொண்டிருந்த ஒரு கவுன்சிலுக்கு அது சின்னச் செலவு இல்லை. அரசின் தலையீட்டை ஜனநாயகத்துக்கு இழுக்கு என்று சொன்ன உறுப்பினர்களின் பேச்சை என்னால் முழுதாகத் தள்ளிவிட முடியவில்லை. முறையைக் காவல் செய்ய வெளியாள் வேண்டும். ஆளைத் தெரிவு செய்ய வெளியாள் வேண்டுமா? வேண்டாம் என்பதே என் எண்ணம். எங்களிடம் வந்த ஆணையாளர் அதைப் புரிந்தவர். இரண்டாம் சுற்றில் உறுப்பினர்களையே நேர்முகம் செய்ய விட்டு, தான் ஓரமாக இருந்து பார்த்தார். இறுதிக் கையொப்பம் மட்டும் அவருடையது.

பதில் கடமை பார்த்த பணிப்பாளர் இரண்டாம் முறை விண்ணப்பிக்கவில்லை. சில மாதங்களில் விலகிப் போனார். இதைத்தான் நான் அதிகம் நினைப்பேன். அவர் திறமையானவர். வெள்ளம் வந்த ஒரு இரவில் அவர் அலுவலகத்திலேயே நின்று ஆட்களை இடம்மாற்றியதை நான் பார்த்திருக்கிறேன். ஒழுங்கான போட்டியில் நின்றிருந்தால் அவரே வென்றிருக்கவும் கூடும். அவருக்கு உதவுவதாக நினைத்துத் தகைமையைத் திருத்தியவர்கள் அந்த வாய்ப்பையே அவரிடமிருந்து பறித்துவிட்டார்கள்.

ஆணையாளர்கள் எழுதித் தந்த விதிகள் எங்கள் நிலையியற் கட்டளைகளில் சேர்ந்துவிட்டன. ஆனால் நாட்டுச் சட்டம் அப்படியே இருக்கிறது. 2015இல் திருத்திய விதிகளின்படி ஒரு சீஃப் எக்ஸிகியூட்டிவை ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நீக்குவதென்றால் சுயாதீனமானவர்கள் அடங்கிய குழுவொன்றின் கருத்தைக் கேட்ட பிறகுதான் முழுச் சபை வாக்களிக்கலாம். அவரை நியமிப்பதற்கு அப்படியொரு குழு எங்கும் கட்டாயமில்லை. அதே சுயாதீன நபர்கள் ஏற்கெனவே ஒவ்வொரு கவுன்சிலிலும் இருக்கிறார்கள். உறுப்பினர்களின் நடத்தை பற்றிய முறைப்பாடுகளுக்காக அவர்களை வைத்திருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. நேர்முக அறையில் அவர்களில் இருவருக்குக் கதிரை போடுவதற்குப் புதிய அமைப்பும் தேவையில்லை, லண்டனிலிருந்து ஆளும் தேவையில்லை. அமைச்சு இது பற்றிக் கருத்துக் கேட்கும் ஒவ்வொரு முறையும் இதையே எழுதி அனுப்புகிறேன்.