நிற்கிற விமானத்துக்குக் காவல்

விமானத்தின் வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாயில் குளவி கூடு கட்ட ஒரு பகல் போதும். 2020 ஊரடங்கில் வரிசையாக நிறுத்திவைத்த விமானங்களைப் பார்த்துக்கொள்ளும் ஷிஃப்டில் இருந்தேன். ஒன்றில் அந்தக் குழாயின் உறையைச் சரியாக மாட்டாமல் விட்டுவிட்டேன். மறுநாள் உள்ளே ஈர மண். அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் விமானிக்கு வேகம் தப்பாகத் தெரியும். சூப்பர்வைசர் திட்டவில்லை, லாக் புக்கில் என்னையே எழுதச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

"சும்மா நிற்கிற விமானத்துக்கு என்ன வேலை?" என்று வீட்டில் கேட்பார்கள். டயர் ஒரே இடத்தில் அழுந்தாமல் சக்கரத்தை உருட்டிவிட வேண்டும். இன்ஜினுக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகள் வைத்து மூட வேண்டும். ஈரம் காட்டும் அட்டை நீலத்திலிருந்து ரோஸுக்கு மாறினால் பையையும் மாற்றியாக வேண்டும்.

அந்த நாட்களில் அடிக்கடி சூலூர் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர்ப் பக்கம்தான், கோவையிலிருந்து திருச்சி ரோட்டில் வரும். இன்று அங்கே தேஜஸ் போர் விமானம் பறக்கிறது. 1945இல் அது பிரிட்டிஷ் கடற்படையின் இருப்பு விமானங்களை வைக்கும் தளம், பெயர் 'எச்.எம்.எஸ். வைரி'. எச்.எம்.எஸ். என்பது பிரிட்டிஷ் போர்க்கப்பல் பெயருக்கு முன்னால் வருவது. தரையில் இருக்கிற தளத்துக்கும் கப்பல் மாதிரியே பெயர் வைப்பார்கள், விமானத் தளம் என்றால் பெரும்பாலும் பறவைப் பெயர். விமானங்களைப் பழுதுபார்த்த கோவைத் தளம் 'கருடா', தாம்பரம் 'வல்லூறு'. வைரியும் வேட்டைப் பறவைதான். ஆனால் சூலூரில் நடந்தது அடைகாக்கிற வேலை.

கடற்படைக்குக் கடலே இல்லாத ஊர் எதற்கு? 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் குண்டுவீசித் தாக்கிவிட்டுப் போயிருந்தன. உள்ளே தள்ளி வைப்பது பாதுகாப்பு. என்னைப் போன்றவனுக்கு அதைவிடப் பெரிய காரணமாகத் தெரிவது உப்புக்காற்று இல்லாததுதான். அலுமினியத்தை அரிப்பதில் எதிரியைவிட அது கெட்டி. மலை மறைவில் இருப்பதால் மழையும் குறைவு. மில்களில் மெஷினோடு பழகிய கைகளும் கோவையில் நிறைய.

1944இல் திருகோணமலையிலிருந்து போன இல்லஸ்ட்ரியஸ், விக்டோரியஸ் என்ற அந்தக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல்களில் கோர்சேர் என்ற போர் விமானங்கள் இருந்தன. அதன் இன்ஜினில் 18 சிலிண்டர்கள், இரண்டு வளையமாக; இப்படி வளையமாக இருந்தால் ரேடியல் இன்ஜின் என்பார்கள். நாள்கணக்கில் நின்றால் கீழ்ப்பக்கத்துச் சிலிண்டர்களில் எண்ணெய் வடிந்து தேங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராட் வளையும். அதனால் முதலில் புரொப்பல்லரைக் கையால் தள்ளிச் சுற்றிப் பார்ப்பார்கள். எங்கேயாவது இறுகினால் நிறுத்திவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும். நான் ரேடியல் இன்ஜினில் வேலை பார்த்ததில்லை. ஆனாலும் அந்த இறுக்கம் எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரியும்.

அப்புறம் போர் முடிந்தது. கோர்சேர்கள் அமெரிக்கா கடன்-குத்தகை ஏற்பாட்டில் கொடுத்தவை. வைத்துக்கொள்வதென்றால் பணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் திருப்பித் தரவேண்டும், அல்லது அழிக்க வேண்டும். அப்படிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய்க் கடலில் தள்ளியவை ஏராளம். எந்த உப்புக்குப் பயந்து எண்ணெய் தடவினார்களோ அதற்குள்ளேயே. 1946இல் வைரி மூடப்பட்டது.

எங்கள் விமானங்கள் மறுபடி பறந்தன. முதல் விமானம் கிளம்பிய காலையில் உறையைக் கழற்றிவிட்டு, பிட்டோ குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஏணியை விட்டு இறங்கி, மறுபடி ஏறி, இன்னொரு தடவை பார்த்தேன்.