கைக்கும் ஒரு பாடம்

ஒரு நாடகத்தில் தையல்காரர் வேடம் கிடைத்தது. மொத்தம் பதினோரு வசனம்தான். ஒரே நாளில் மனப்பாடமாகிவிட்டது. சரி, தயாராகிவிட்டோம் என்று ஒத்திகைக்குப் போனேன்.

பேசிக்கொண்டே ஊசியில் நூல் கோக்க வேண்டும். நூலைக் கவனித்தால் வசனம் நின்றது, வசனத்தைக் கவனித்தால் நூல் எங்கோ போனது. "வாய்க்குத் தெரியுது, கைக்குத் தெரியல" என்றார் இயக்குநர்.

அப்புறம் மூன்று வாரம், மாலைதோறும் ஒரு தையல்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதல் வாரம் வேடிக்கை பார்த்தது மட்டும்தான். துணி தைக்கக் கொடுக்க வருபவரின் முகத்தை அவர் அதிகம் பார்ப்பதில்லை. பார்வை நேராகத் தோள்பட்டைக்குத்தான் போகும். டேப்பை எடுப்பதற்கு முன்பே கண் அளந்துவிடும். எழும்போது இடது கை தானாக இடுப்பைப் பிடிக்கும். அதை அப்படியே செய்து காட்டினேன். "வலிக்கிற இடம் அது இல்ல தம்பி, இன்னும் கீழே" என்றார். பல வருடம் மெஷின் மிதித்த வலி அது. அதன் காரணம் தெரியாமல் அசைவை மட்டும் எடுத்துவந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

நடிகர்களின் உழைப்பு என்றால் உடனே உடல் எடைதான் பேச்சில் வரும். 1980இல் வந்த 'ரேஜிங் புல்' படத்துக்காக ராபர்ட் டி நீரோ சுமார் 27 கிலோ கூட்டியதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது, 1976இல் வந்த 'டாக்ஸி டிரைவர்' படத்துக்காக அவர் உரிமம் வாங்கி நியூயார்க்கில் நிஜமாகவே டாக்ஸி ஓட்டியது. எடை படத்தில் பளிச்சென்று தெரியும். ஸ்டியரிங் பழகிய கையை யாரும் தனியாகப் பார்க்கப்போவதில்லை, ஆனால் அது இல்லாவிட்டால் ஏதோ இடிக்கும்.

'இந்த நிலைமையில் நான் இருந்தால் என்ன செய்வேன்?' என்று நடிகன் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றார் ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி. யோசித்தால் பதில் வந்துவிடும் என்றுதான் அதுவரை இருந்தேன். எனக்குப் பாதி பதில் பழைய துணியில் பட்டனுக்குக் காஜா எடுத்துப் பழகியபோதுதான் வந்தது.

மூன்றாவது காட்சியன்று மகனாக நடித்தவர் வழக்கத்தைவிட நீளமாக மௌனம் விட்டார். நான் பதறவில்லை, கை தைத்துக்கொண்டே இருந்தது. நிமிர்ந்தபோது என் கண் அவர் தோள்பட்டையில் போய் நின்றது. மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. இத்தனை ஒத்திகையிலும் காதில் விழுந்த அவருடைய வசனத்தை அன்றுதான் நான் கேட்டேன்.